பின் வரிசை நாற்காலி

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பி.எட். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூன்றாம் பருவத்தில் சாட்ஸ்வொர்த் பள்ளி ஒன்றில் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. சம்பளப் பேச்சு முறிந்தால் ஸ்ட்ரைக் வரும் என்று அங்கே இப்போதே பேசிக்கொள்கிறார்கள். வந்தால் நான் பள்ளிக்குப் போக வேண்டுமா, வீட்டில் இருக்க வேண்டுமா? போகாத வாரங்கள் கணக்கில் குறைந்துவிடுமா? பிள்ளைகளைத் தவிக்க விடாமல் வகுப்பை நடத்திக் கொடுப்பது ஒரு சேவை என்கிறார் என் அத்தை. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஸ்ட்ரைக் செய்கிறவர்கள் தங்கள் சம்பளத்தை மட்டும்தானே பார்க்கிறார்கள்? எனக்கு அரசியல் எதுவும் கிடையாது, பட்டம் வாங்கினால் போதும்.

ஃபீனிக்ஸ் வாசகி

அன்புள்ள மகளே,

உன் கடிதம் வந்த வாரத்தில் நான் பழைய பயிற்சிக் கோப்புகளைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தேன். 2010ஆம் ஆண்டுக் கோப்பை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் கடைசி இரண்டு வாக்கியங்கள். ஆசிரியராகப் போகிறவள் அப்படி எழுதலாமா? 1913இல், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் சுமத்திய மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்தியவர்களின் வழிவந்தவர்கள் நாம். மறு ஆண்டே அந்த வரி ஒழிந்தது. 2010இல் அரசு ஊழியர்கள் கேட்டது 8.6 சதவீத உயர்வும் 1,000 ராண்ட் வீட்டுப்படியும். கடைசியில் கையெழுத்தானது 7.5 சதவீதமும் 800 ராண்டும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். சுயநலம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவழிக்காதே. இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

என்னை உறுத்துவது உன் அத்தை சொன்ன சேவைதான்.

அந்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துக்காகப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்தார்கள். ஜூலை நடுவில் பள்ளி திறந்து, பிள்ளைகள் மறுபடி பாடத்துக்குப் பழகி வரும் நேரத்தில், ஆகஸ்ட் 18 அன்று ஸ்ட்ரைக் தொடங்கி செப்டம்பர் 6 வரை நீடித்தது. நானும் வெளியில்தான் நின்றேன். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணை, ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவளை, பள்ளி நிர்வாகம் உள்ளே அழைத்துக்கொண்டது. ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் அடைத்து, ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினார்கள். அவளும் சளைக்காமல் நின்றாள். பெற்றோர் சிலர் அவளைப் புகழ்ந்தார்கள், உன் அத்தை இப்போது உன்னைப் புகழத் தயாராக இருப்பது போலவே.

நான் திரும்பி வந்து கணக்கு நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று விடை. மேல் எண்ணோடு மேல் எண்ணையும், கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் சரி. ஒரு நோட்டில் அல்ல, நோட்டுக்கு நோட்டு அதேதான். கரும்பலகையில் எழுதியபோதே தவறு விழுந்திருக்கிறது. பிள்ளைகள் நம்பி எழுதிக்கொண்டார்கள். இரவு கண்விழித்துத் திருத்தியவள் தன் தவறுக்குத் தானே சரி போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். அவளிடம் அறிவுக்கும் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. வகுப்பின் பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தால், மணி அடித்ததும் அவளைத் தனியே அழைத்து ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். மறுநாள் அவளே திருத்திச் சொல்லியிருப்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பயிற்சி என்ற ஏற்பாடே இருக்கிறது. அந்த நாற்காலி காலியாக இருக்கும் வகுப்பில் நீ செய்வது பிள்ளைகளைக் காவல் காப்பது. காவல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெற்றோர் இருக்கிறார்கள், பள்ளி நிர்வாகக் குழு இருக்கிறது. சம்பளமும் இல்லாமல், இன்னும் பட்டமும் பெறாமல் இருக்கும் இருபது வயதுப் பெண்ணின் தலையில் அதைக் கட்டிவிட்டுச் சேவை என்று பெயர் சூட்டுவது, அவளையும் ஏய்ப்பது, பிள்ளைகளையும் ஏய்ப்பது.

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டும் அல்ல. முழுநேர பி.எட். மாணவர் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 20 வாரம், அதிகம் போனால் 32 வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்று சொல்லும் அரசின் விதியே, அது மேற்பார்வையும் மதிப்பீடும் உள்ள பயிற்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வழிகாட்டி ஆசிரியர் வாசலுக்கு வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருக்க, நீ உள்ளே தனியாக நின்ற வாரத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? அந்தப் பெண்ணின் படிவத்தை நிரப்பச் சொல்லி அவளுடைய பல்கலைக்கழகம் எனக்குத்தான் அனுப்பியது. நான் பார்க்காத மூன்று வாரத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போடவில்லை. அவள் அழுதாள். என் கோபமெல்லாம் அந்தப் படிவத்தை அனுப்பியவர்கள் மேல்.

ஏனென்றால் அவர்களுக்கு நேரம் இருந்தது. அரசு முதலாளியாக இருக்கும் இடத்தில் ஸ்ட்ரைக் தொடங்குவதற்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். 2007 ஜூனில் நான்கு வாரம் பள்ளிகள் முடங்கியதைப் பார்த்த பிறகும், அந்த ஏழு நாளில் மாணவர்களை எங்கே அழைத்துக்கொள்வது, விடுபட்ட வாரங்களை எப்போது ஈடுகட்டுவது என்று ஒரு பக்கம் எழுதி வைக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தோன்றவில்லை. ஒரே ஆண்டில் 12 வாரத்துக்கு மேல் பள்ளியில் வைக்கக் கூடாது என்பதால், விடுபட்டதையெல்லாம் கடைசி ஆண்டின் தலையில் ஏற்றிவிடவும் முடியாது. ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா உதவித்தொகையில் படிக்கிறவர்களுக்கு ஒரு பருவம் தள்ளிப்போனால் வீட்டு வாடகையே கேள்வியாகிவிடும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வழிகாட்டி ஆசிரியர் பள்ளியில் இருந்தால் போ. இல்லையென்றால் தனியாக வகுப்பில் நிற்காதே. யார் கேட்டாலும் மரியாதையாக மறுத்துவிடு. வாரக் கணக்கை என்னிடம் கேட்காதே, உன் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் கேள், இப்போதே, ஸ்ட்ரைக் வருவதற்கு முன்பே. வாய்மொழியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே, எழுத்தில் வாங்கு. உன்னோடு படிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வரும். அதற்குப் பெயர்தான், மகளே, நீ உனக்குக் கிடையாது என்று எழுதிய அரசியல்.