எம்ஆர்பி எந்த டேபிளில் இருக்க வேண்டும்?

கேள்வி: மெடிக்கல் ஷாப் ஒன்றுக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பில் டேபிளில் மருந்து1 முதல் மருந்து10 வரை நெடுவரிசைகள் வைத்தேன். பதினொரு மருந்து வாங்குபவர் வந்தால் இடிக்கிறது. எத்தனை டேபிளாகப் பிரிப்பது? வாடிக்கையாளரின் செல்போன் எண்ணையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையாக, வைக்கலாமா?

பதில்: பத்தை இருபதாக்கினாலும் தீராது. 'இந்த மாதம் பாராசிட்டமால் எத்தனை அட்டை போனது?' என்று முதலாளி கேட்டால் இருபது நெடுவரிசையிலும் தேட வேண்டும். பில் எண், தேதி, வாடிக்கையாளர் ஆகியவை பில் டேபிளில் இருக்கட்டும். விற்ற மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று, பில் விவரத்துக்குத் தனி டேபிள் போடுங்கள்.

எத்தனை டேபிள் என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு தகவலும் எதைப் பொறுத்து மாறுகிறது என்று பாருங்கள். 1970இல், தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்த ஐபிஎம்மின் எட்கர் காட் பிறகு வகுத்த நார்மல் ஃபார்ம்களுக்கு (டேபிள்களைப் பிரிக்கும் விதிகளுக்கு) அடிப்படையே இந்தக் கேள்விதான். உங்கள் கடையில் இதற்கு நல்ல சோதனை எம்ஆர்பி. மருந்து டேபிளில்தான் வைக்கத் தோன்றும். ஆனால் ஒரே மாத்திரையின் பழைய பேட்ச் ஒரு விலையிலும் புதிய பேட்ச் வேறு விலையிலும் ஒரே ராக்கில் கிடக்கும். ஆகவே எம்ஆர்பி, காலாவதி தேதி இரண்டும் பேட்ச் டேபிளுக்குப் போக வேண்டும். பில் விவர வரியும் பேட்ச்சைத்தான் சுட்ட வேண்டும். நாளை ஒரு பேட்ச்சை கம்பெனி திரும்பக் கேட்டால், அது எந்தெந்த பில்லில் போனது என்று உடனே எடுத்துவிடலாம்.

விற்ற விலையையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் பில் விவரத்தில் மறுபடி எழுதத் தயங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12இலிருந்து 5 விழுக்காடானது. விகிதம் மருந்து டேபிளில் மட்டும் இருந்தால், 2025 ஆகஸ்ட் பில்லை இன்று மறுபதிப்பு எடுக்கும்போது 5 என்று வந்து நிற்கும், ஆடிட்டர் விடமாட்டார். இன்றைய விகிதமும் அன்று வசூலித்த விகிதமும் வேறுவேறு தகவல்கள்.

செல்போன் எண் பிரைமரி கீயாக வேண்டாம். எண் மாறும்; ஒரே எண்ணைக் குடும்பமே கொடுக்கும். தானாக ஒவ்வொன்றாகக் கூடும் ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடி போதும். தொகைக்கான நெடுவரிசைக்கு, பின்னத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகை வேண்டாம், துல்லியமாக வைக்கும் டெசிமல் வையுங்கள். இல்லாவிட்டால் பைசாக் கணக்கு உதைக்கும்.

ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுவதற்கான ஃபாரின் கீ போட்ட பிறகு, டேபிள்கள் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். மைஐசாம் என்ற பழைய எஞ்சினில் உள்ள டேபிள் அந்தக் கட்டளையைப் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது.