“அவங்க என் பிரண்ட்ஸ்மா, லிஸ்ட்டு இல்ல”

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. படிவம் 4 படிக்கிறான். ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை. இந்த ஆண்டு சர்ச்சில் வாலிபர்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். மாதம் மூன்று நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லி, அவர்கள் பெயரை அதில் எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இவன் அட்டை வெறுமையாகவே இருக்கிறது. கேட்டால், “அவங்க என் பிரண்ட்ஸ்மா, லிஸ்ட்டு இல்ல” என்கிறான். இப்போது சனிக்கிழமைக் கூடுகைக்கே வர மாட்டேன் என்கிறான். போன மாதம் வேறொரு பையன் எங்கள் பிளாட்டில் ஓர் இந்துப் பிள்ளையின் கையில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதியைத் திணித்துவிட்டான். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து வருத்தப்பட்டார். என் கணவரோ, “எஸ்.பி.எம். தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். என் மகன் விசுவாசத்தைச் சொல்ல வெட்கப்படுகிறானா? அவனை எப்படி உற்சாகப்படுத்துவது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் மகன் வெட்கப்படவில்லை. வெட்கப்படுகிற பையன் வாய்க்கு வந்த மூன்று பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இவனோ வெறும் அட்டையை வைத்துக்கொண்டு, அதற்காக வரும் பேச்சையும் வாங்கிக்கொண்டு நிற்கிறான். பொய் எழுதவும் மனம் வரவில்லை, நண்பனைக் கணக்கில் சேர்க்கவும் மனம் வரவில்லை. இந்த வயதில் அந்த மனசாட்சி இருப்பது தேவன் கொடுத்த கொடை. முதலில் அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீ பயந்தவன்னு நெனச்சேன்பா, அப்படியில்லன்னு இப்பத் தெரியுது” என்று அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால், அவன் மறுபடி உங்களிடம் பேச ஆரம்பிப்பான்.

அந்த அட்டை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதைக் கொடுத்த வாலிபர் தலைவரும் இளவயதுக்காரராகத்தான் இருப்பார். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுக் கலைந்து போகக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். அதனால் போதகரிடம் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். அந்த வாலிபர் தலைவரையே ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, உங்கள் பையன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். பெயரை எண்ணத் தொடங்கிவிட்டால் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய கவலையைக் கேட்பதை விட்டுவிட்டு, பேச்சை எப்போது அந்தப் பக்கம் திருப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நண்பனுக்கும் அது உடனே புரிந்துவிடும். அப்புறம் அந்த நட்பும் போய்விடும், சொல்ல வந்ததும் காதில் ஏறாது.

வேதாகமத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வது இரண்டாம் இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் வரும் சிறுபெண்ணைப் பற்றித்தான். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. இஸ்ரவேல் தேசத்திலிருந்து சீரியர் சிறைபிடித்துக்கொண்டு போன பிள்ளை. படைத்தலைவன் நாகமான் வீட்டில் அவன் மனைவிக்கு வேலைக்காரியாக இருந்தாள். தன்னை வீட்டைவிட்டுப் பிரித்தவனுடைய வீட்டிலேயே வேலை செய்ய வேண்டிய நிலைமை. அந்த எஜமானுக்குக் குஷ்டரோகம் என்று தெரிந்தபோது அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். பதிலாக, சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் இவர் போனால் சுகமாகிவிடுவார் என்று எஜமானியிடம் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த வீடு என்பதால் அந்த வார்த்தையை நம்பி ஒரு படைத்தலைவன் தேசம் விட்டுத் தேசம் புறப்பட்டுப் போனான். அவள் வேலையும் அக்கறையும் முன்னால் போயின, பேச்சு பின்னால் வந்தது. உங்கள் மகனுக்கும் அந்த வரிசைதான் சரி.

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. நம்மிடமுள்ள நம்பிக்கையைப் பற்றி யார் கேட்டாலும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). நண்பன் ஒரு நாள் கேட்பான். “ஏண்டா, நீ சண்டேல டியூஷன் வர மாட்டேங்குற?” என்றோ, “உங்க பாட்டி செத்தப்ப நீங்க எப்படிடா அவ்ளோ அமைதியா இருந்தீங்க?” என்றோ கேட்பான். அப்போது உங்கள் மகன் திருதிருவென விழிக்கக்கூடாது. போதகர் பிரசங்கத்தை ஒப்பிக்கவும் கூடாது. இயேசு எனக்கு யார், எதற்காக ஜெபம் பண்ணுகிறேன், எந்த நேரத்தில் அவர் எனக்குத் துணை நின்றார் என்று நாலு வாக்கியம் தன் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகளில் பலருக்கு இது வராததற்குக் காரணம் வெட்கமே இல்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதே கிடையாது. குடும்ப ஜெபத்தில் வசனம் வாசிக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம், அப்பா ஏன் விசுவாசிக்கிறார் என்று மட்டும் பிள்ளைக்குத் தெரியாது. கஷ்டமான மாதங்களில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், எந்த ஜெபத்துக்குப் பதில் வராமலே போனது என்று உங்களைப் போன்ற பெற்றோர் சாப்பாட்டு மேசையில் சொல்ல வேண்டும். பதில் வராத ஜெபத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத்தான் அதிகம் நம்புவார்கள்.

கைப்பிரதி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்து வீட்டுத் தாயின் வருத்தம் நியாயமானது. அவர் வீட்டுக்கு நீங்கள் போய், எங்கள் சர்ச் பிள்ளை உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கைமாறும் வீடுகள் இவை. நம் சாட்சியை அந்தத் தாய் முதலில் பார்க்கப் போவது இந்த மன்னிப்பில்தான். அடுத்தவர் சாமியை இழித்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நம் மலேசிய நாட்டுச் சட்டமும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதே விதியின் 4-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு சமயக் கருத்துகளைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ அனுமதிக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தில் 1988-லேயே அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. செந்தூலிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே சிலாங்கூர்தான். 12-ஆவது விதியின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆகவே மலாய் நண்பர்களிடம் உங்கள் மகன் நல்ல நண்பனாக இருக்கட்டும், மதப் பேச்சை எடுக்க வேண்டாம், கைப்பிரதி கொடுக்கவே வேண்டாம். இந்து, சீன நண்பர்களை வாலிபர் கூடுகைக்கு அழைப்பதாக இருந்தால் அவர்கள் பெற்றோரிடம் கேட்டுவிட்டு அழைக்கட்டும். இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் வாலிபர்கள் இருப்பார்கள். அவசரத்தில் ஒரு பையன் செய்கிற காரியத்துக்கு அவன் குடும்பமும் சர்ச்சும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அவர்களும் யோசிக்க வேண்டும்.

இனி சேவை. இங்கேதான் உங்கள் மகன் மலர்வான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதியோர் இல்லம் என்றதும் நம் சர்ச்சுகளுக்கு ஞாபகம் வருவது டிசம்பர் மாதம்தான். இரண்டு வேனில் போய், நாலு பாட்டுப் பாடி, பிஸ்கட் டின் கொடுத்து, பெரியவர்களோடு நின்று படம் எடுத்து, முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். ஜனவரியில் யாரும் போக மாட்டோம். எனக்கு இது மனவேதனையாக இருக்கிறது. உங்கள் மகன் அப்படி வேண்டாம். ஓர் இல்லம், ஒரு பெரியவர், மாதம் இரண்டு சனிக்கிழமை என்று ஆரம்பிக்கட்டும். செராஸில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் நடத்தும் இல்லம் உண்டு. பினாங்கிலும் அவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. ஆதரவில்லாத முதியவர்களைப் பராமரிப்பதே அந்தக் கன்னியர்களின் பணி. இல்லத்தின் பொறுப்பாளர்கள் அனுமதிக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். தமிழ்ப் பேப்பரை வாசித்துக் காட்டுவது பெரிய உதவி. கண் மங்கிய ஒரு தாத்தாவுக்கு மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ வாசித்தால், பெரும்பாலும் மரண அறிவிப்பில்தான் தொடங்கச் சொல்வார். தெரிந்த பெயர் ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். பையனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும் என்றாலும் பரவாயில்லை, அவர் திருத்துவார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கதையும் வரும். அந்த அறையில் ஒரு நாள் அந்தப் பெரியவரே, “உனக்கு வேற வேல இல்லியா தம்பி, எதுக்கு இங்க வர்ற?” என்று கேட்பார். உங்கள் மகன் அங்கே பதில் சொல்லிப் பழகட்டும்.

படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது மட்டும் கூடாது. அவர்கள் படுத்திருக்கும் கோலத்தை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை.

வேறு வேலைகளும் இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் அந்தத் தெருக்களில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் அதிகம். அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கற்கள்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடாது என்பதிலேயே சேவை தொடங்குகிறது. உதவப் போனால் கோலைப் பிடித்து இழுக்கக்கூடாது. உதவி வேண்டுமா என்று முதலில் கேட்டு, வேண்டும் என்றால் முழங்கையை நீட்ட வேண்டும்; அவர்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார்கள். வீதியோரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் குழுவில் சேர்ந்தால், ஹலால் கடையில் வாங்கிய சாப்பாடாக இருக்கட்டும், பொட்டலத்துக்குள் கைப்பிரதி வேண்டாம், பெரியவர்கள் கூடவே இருக்க வேண்டும். 17 வயது ஆனதும் உங்கள் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு அவன் இரத்ததானம் செய்யலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். முக்கியம்தான், ஐயா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போனால் தேர்வு கெட்டுவிடாது. கைப்பேசி அதைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறது. இந்த வயதுப் பையன்களைச் சும்மா உட்கார்த்தி வைத்து உபதேசம் செய்தால் ஓடிவிடுவார்கள் என்பது புதுச் செய்தியில்லை. 1883-இல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், அடங்காத பையன்களுக்கு அணிவகுப்பும் ஒழுங்கும் பொறுப்பும் கொடுத்துத்தான் பாய்ஸ் பிரிகேட்டைத் தொடங்கினார். இன்று நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது சீருடை இயக்கமாக இருக்கிறது. உங்கள் மகனுடைய பள்ளியில் அந்த இயக்கம் இருந்தால் அவன் அதிலும் சேரலாம். தேர்வு முடிந்த பிறகு என்று தள்ளிப்போட்டால், அதற்குள் சர்ச் என்பது அவனுக்கு அம்மா திட்டி அனுப்பும் இடமாகிவிடும்.

முதல் தடவை அவனைத் தனியாக அனுப்பாதீர்கள், அப்பாவே கூட்டிக்கொண்டு போகட்டும். ஒரு வாரம் முன்பே இல்லத்துக்குப் போன் போட்டு, எந்த நேரம் வசதி, என்ன தேவை என்று கேளுங்கள். பிஸ்கட் வேண்டாம் என்பார்கள், அது ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கும். பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டால் எந்த அளவு என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.