தேரியில் விழும் மகனுக்கு
திசையன்விளைத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், சிறுவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகும் உங்கள் ஏழு வயது மகன், பயந்தவுடன் ஆக்சிலேட்டரை மேலும் முறுக்கி இருமுறை விழுந்தான் என்று எழுதியிருந்தீர்கள், அண்ணாச்சி. அது அவன் பிழையன்று. வண்டி பாயும்போது உடல் பின்னே சாய, மணிக்கட்டு தாழ்ந்திருந்தால் கைப்பிடி தானாகவே திருகிவிடும். ஆகவே மணிக்கட்டை நேராக வைத்து, ஒரு விரலைப் பிரேக்கின் மேல் வைத்திருக்கப் பழக்குங்கள். முதலில் எஞ்சினை இயக்காமல் நீங்கள் பின்னாலிருந்து தள்ள, அவன் பிரேக் பிடித்து, இரு காலையும் ஊன்றி நிற்கட்டும். சிறுவர்களுக்கான 50 சிசி வண்டிகள் பலவற்றில் ஆக்சிலேட்டர் திறக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் திருகாணி உண்டு. அதைக் குறைத்து வையுங்கள். தேரி மணல் முன்சக்கரத்தைப் புதைத்து இழுக்கும் என்பதால், நீர் வற்றி இறுகிய குளத்துத் தரையே தொடக்கத்திற்கு ஏற்றது. உடைமுள் கிடக்கிறதா என்று முன்பே நடந்து பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒருபோதும் ஏற்றாதீர்கள், தார்ச்சாலைக்கும் விடாதீர்கள்.