நியூரோபிளாஸ்டோமா பரவுவதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. காரணமா? அது பெற்றோரிடமிருந்து வருவதா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. கையில் ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் தாயோ தகப்பனோ நீங்கள் என்றே நினைக்கிறேன். நியூரோபிளாஸ்டோமா என்பது சிறு குழந்தைகளின் முதிராத நரம்புச் செல்களில் தோன்றும் புற்றுநோய். அது வந்த 100 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் குடும்பவழியில் வருகிறது. முதலில் இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு அப்போது 2 வயது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தாள். வளரும் பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று ஒரு மருத்துவர் சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். 3 வாரத்தில் இரண்டு கண்களைச் சுற்றியும் கன்றிப்போனது. குழந்தையை அடித்தாயா என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடமே கேட்டார். கட்டி இருந்தது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில். கண்குழி எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அதற்குள் பரவிவிட்டது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்கும்போதே இப்படிப் பரவியிருக்குமாம்.

கட்டியைப் பரிசோதித்த பிறகு, "எம்.ஒய்.சி.என். என்ற மரபணு பெருகியிருக்கிறது" என்றார் மருத்துவர். என் மாமியார் காதில் 'மரபணு' மட்டும் விழுந்தது. மரபு என்றால் பரம்பரைதானே? "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லை" என்று வார்டு வாசலிலேயே சொன்னார். சாப்பாட்டுத் தூக்கோடு என் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நான் மருத்துவர் அல்ல, தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். 'படிக்காத விஷயத்தில் ஏன் தலையிடுகிறாய்' என்று எழுத வருபவர்கள், 2 ஆண்டுகள் வார்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான் என்பதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. மரபணு அனுப்பும் செய்தியை மறித்து, புரதம் உருவாகாமல் தடுக்கும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. லெட்-7 என்ற துணுக்கு, செல்களைப் பெருகத் தூண்டும் எம்.ஒய்.சி.என்.னுக்குக் கடிவாளம். மரபணு பல மடங்கு பெருகினால் அதன் செய்திகளும் குவிகின்றன. இருக்கிற லெட்-7 எல்லாம் அவற்றிலேயே ஒட்டிக்கொண்டு தீர்ந்துவிடுகிறது. கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கும் இன்னொரு துணுக்கு மிர்-34ஏ; அதற்கான மரபணு இருக்கும் குரோமோசோம் துண்டோ பல தீவிரக் கட்டிகளில் தொலைந்தே போயிருக்கும். நோய் பரவுவதோடு நெருங்கிய தொடர்புள்ள துணுக்கு மிர்-9. செல்களைப் பசைபோலப் பிடித்துவைக்கும் இ-கேடெரின் புரதத்தை அது குறைக்கிறது என்று மார்பகப் புற்றுநோய் செல்களில் 2010இல் காட்டினார்கள். எம்.ஒய்.சி.என். பெருகிய நியூரோபிளாஸ்டோமாவிலும் மிர்-9 அதிகமாகவே இருக்கிறது. பிடி தளர்ந்த செல் இரத்தத்தோடு போய்விடும்.

இவை எல்லாம் கட்டியின் செல்களுக்குள் நேர்ந்த மாற்றங்கள். நீங்கள் கொடுத்தவை அல்ல.

மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மிர்-34ஏ-வைச் செயற்கையாகச் செய்து பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை, நோயெதிர்ப்பு மண்டலத்தில் கடுமையான பக்கவிளைவுகள் வந்ததால் 2016இல் நிறுத்திவிட்டார்கள்.

   

அறிக்கையில் பரிசோதித்தது கட்டியின் சதையா, குழந்தையின் இரத்தமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கட்டியின் செல்களில் மட்டும் நேர்ந்த மாற்றம் பரம்பரையாக வந்தது அல்ல. எங்கள் மருத்துவர் அந்த வரியைத் தொட்டுக் காட்டித்தான் என் மாமியாருக்கு விளக்கினார். அதன்பிறகு அவர் வம்சப் பேச்சை எடுக்கவில்லை. என் அம்மாவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.