கேள்வி – பதில்: சுரங்கத்தில் தலைக்கவசம் கடைசிக் காவல்

கேள்வி: சாஸ்நாலா விபத்தைப் பற்றி என் தந்தை அடிக்கடி சொல்வார். பூமிக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? இனி அப்படி நேராமல் தடுக்க முடியுமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று 375 பேரைப் பலிகொண்ட நீர், அன்று பெய்த மழையால் வந்ததன்று. நிலக்கரி எடுத்து முடித்துக் கைவிட்ட பழைய வேலைத்தளத்தில் தேங்கிக் கிடந்த நீர், இடையிலிருந்த தடுப்பை உடைத்துக்கொண்டு, கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்தது. ஆற்று வெள்ளம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய குழியில் என்ன நிற்கிறது என்பதை யார் பார்ப்பது?

ஆகவேதான், நீர் இல்லை என்று சோதித்து உறுதிப்படுத்தாத எந்தப் பழைய வேலைத்தளத்தையும் 60 மீட்டருக்குள் நெருங்கினால், அதற்கு மேல் வெட்டிச் செல்லச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் முன் அனுமதி வேண்டும் என்று இந்திய விதிகள் வகுத்திருக்கின்றன. அனுமதி கிடைத்தாலும் விருப்பம்போல் வெட்ட இயலாது. 1957-ஆம் ஆண்டு விதிகள், பாதை 2.4 மீட்டருக்கு மேல் அகலக் கூடாது என்றும், முகப்பின் (வெட்டிக்கொண்டு போகும் முன்சுவரின்) நடுவில் நேராகவும் இரு பக்கங்களில் சாய்வாகவும் துளைகள் போட்டு, அவை எப்போதும் வெட்டுக்குக் குறைந்தது 3 மீட்டர் முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறின. இருட்டில் நடப்பவர் கையை முன்னே நீட்டித் துழாவுவது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? வரைபடத்திலிருந்துதான். பழைய சுரங்கத்தை மூடுவதற்கு முன் கடைசியாக வெட்டிய பகுதி படத்தில் ஏறாமல் போயிருந்தால், விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியும் பயன் இல்லை. என்னைக் கேட்டால், சுரங்கத்தின் முதல் பாதுகாப்புக் கருவி சர்வேயரின் படம் என்றே சொல்வேன். 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தில் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, மேலிருந்து துளையிட்டு, எஃகுக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் அந்தக் கூண்டில் தாமே கீழே இறங்கியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். துளையை எந்த இடத்தில் போடுவது என்று முடிவு செய்வதற்கும் சரியான படம் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

கேள்வி: 'அபாய மதிப்பீடு' என்பது கோப்பை நிரப்பும் வேலைதானே?
– பொறியியல் மாணவி, சேலம்

பதில்: அப்படி நடத்தினால் அப்படித்தான் ஆகும். 2017-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு அபாயத்தையும் எடுத்துக்கொண்டு, விளைவு எவ்வளவு கடுமையானது, ஆட்கள் எத்தனை முறை அதற்கு ஆளாகிறார்கள், அது நிகழும் வாய்ப்பு என்ன என்ற மூன்றுக்கும் மதிப்பெண் இட்டுப் பெருக்கி, பெரிய எண் வருவதை முதலில் கவனிப்பார்கள். கணக்கு எளிது. ஆனால் அந்த எண்ணை மேசையில் உட்கார்ந்து போடுகிறார்களா, முகப்பில் நின்று போடுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூரையை இரும்புக் கம்பியால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் பாறை இறுக்கமாக இருக்கிறது; பொத்தென்று கேட்டால் மேலே அடுக்கு பிரிந்து நிற்கிறது. அந்த வேறுபாட்டைக் காதால் அறிந்த சர்தார் (சுரங்கத்துக்குள் பாதுகாப்பைக் கவனிக்கும் மேற்பார்வையாளர்), "இங்கே வேலை வேண்டாம்" என்று நிறுத்தினால், அன்றைய உற்பத்தி குறைந்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. கேட்கும் சுரங்கத்தில் திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் அது காகிதம்தான்.

தடுப்பு வழிகளின் வரிசையையும் மறக்க வேண்டாம். அபாயத்தையே நீக்குவது முதலில், முடியாதபோது கூரைக்கு போல்ட் அடிப்பது, காற்றோட்டத்தைப் பெருக்குவது போன்ற பொறியியல் வழிகள், பிறகு ஒழுங்குமுறைகள். மற்ற அனைத்தும் தவறிய பிறகே தலைக்கவசத்துக்கு வேலை வருகிறது.

கேள்வி: சுரங்கப் பாதைகளில் வெள்ளைப் பொடி தூவுவது எதற்காக?
– வாசகர், திருச்சி

பதில்: அது சுண்ணாம்புக்கல் பொடி. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். அந்தச் சிறு வெடிப்பு தரையிலும் சுவரிலும் படிந்த நிலக்கரித் தூசியைக் கிளப்பிப் பற்றவைத்தால், தீ பாதைதோறும் ஓடும். 1965 மே 28 அன்று இன்றைய ஜார்க்கண்டில் உள்ள தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தது தூசி வெடிப்பில்தான். கல் பொடி தூசியோடு சேர்ந்து எழும்பி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு தீயை அடக்கும். ஆனால் புதிய தூசி நாள்தோறும் அதன் மேல் படிவதால், மீண்டும் மீண்டும் தூவ வேண்டும். வெளுத்திருக்க வேண்டிய சுவர் கறுத்திருந்தால், உள்ளே போகும் எவருக்கும் அது எச்சரிக்கை.

கேள்வி: நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம்தானே, அங்கே என்ன ஆபத்து?
– வாசகி, கடலூர்

பதில்: வாயு வெடிப்பும் கூரைச் சரிவும் அங்கே கவலையல்ல. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர், தரையைப் பிளந்துகொண்டு மேலே வராமல் இருக்க அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கன்வேயர், கனரக வண்டிகள் ஆகியவற்றின் ஆபத்தும், மண்மேடு சரியும் ஆபத்தும் எந்தத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் பொது. ஜார்க்கண்டின் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று மண் சரிந்து 23 பேர் புதைந்தனர். மேட்டின் உச்சியில் விரிசல் கண்டால் அதன் அகலத்தை அளந்துகொண்டு நிற்கக் கூடாது. கீழே இருக்கும் ஆட்களை முதலில் வெளியேற்றிவிட்டுப் பிறகு அளக்கலாம்.