கேளுங்கள், சொல்கிறேன்: குளோசே தட்டிவிட்ட கோல்கள்

கேள்வி: 2014-இல் பிரேசிலின் ரொனால்டோவின் 15 கோல் உலகக் கோப்பை சாதனையை முறியடித்த ஜெர்மனியின் குளோசே அப்படி என்ன பெரிய ஆட்டக்காரர்? கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று தட்டிவிட்டவர்தானே?
– தஞ்சாவூர் வாசகர்

தட்டிவிட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தட்டிவிட அந்த இடத்தில் வேறு யாரும் ஏன் இல்லை?

அந்த உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிரான ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஜெர்மனி 1-2 எனப் பின்தங்கியிருக்கிறது. 36 வயதில் மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார் குளோசே. இரண்டே நிமிடம். கார்னர் பந்து சக ஆட்டக்காரர் ஹோவெடஸ் தலையில் பட்டுத் தூரக் கம்பத்தின் பக்கம் போகிறது. தடுப்பாளர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அது வந்து சேரப்போகும் இடத்துக்குச் சறுக்கிக்கொண்டே காலை நீட்டிவிட்டார் மனுஷன். அப்புறம் வழக்கமான குட்டிக்கரணம்; இறங்கும்போது கொஞ்சம் தடுமாறினார், வயசாச்சு இல்லையா!

பிரேசிலை 7-1 எனச் சாய்த்த ஆட்டத்தில் வந்த 16-வது கோலும் அப்படித்தான். முதல் அடியை கோல்கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார். அந்தப் பதினாறில் பெனால்டி ஒன்றுகூடக் கிடையாது. 2002-இல் அடித்த ஐந்தும் தலையால் முட்டியவை.

போலந்தில் பிறந்து, எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். தச்சு வேலை கற்றவர். இருபது வயதை நெருங்கும்போதும் ஏழாம் நிலை லீகில், ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். அகாடமியில் செதுக்கி எடுத்த பிள்ளை இல்லை.

குறை சொல்வதென்றால் பாயர்ன் மியூனிக் கிளப்பில் ஆடிய நாட்களைச் சொல்லுங்கள். 2009-10 பருவத்தில் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டஸ்லிகாவில் மூன்றே கோல். அதே ஆண்டு உலகக் கோப்பையில் நான்கு! கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்தவரை நம்பி அழைத்துப்போன பயிற்சியாளர் லோவுக்கும் ஒரு சபாஷ்.

கேள்வி: அடித்த கோலை அவரே வேண்டாம் என்றாராமே, நிஜமா?
– மதுரை வாசகர்

நிஜம்தான். 2012 செப்டம்பர், இத்தாலியின் லாட்சியோ கிளப்புக்காக நேப்போலி அணியுடன் ஆடும்போது. பந்து கையில் பட்டு உள்ளே போனது, நடுவர் கோல் கொடுத்துவிட்டார். குளோசே தானே போய் உண்மையைச் சொல்ல, கோல் ரத்தானது. நேப்போலி ஆட்டக்காரர்கள் கைகொடுத்தார்கள். கைகொடுத்த கையோடு 3-0 என ஜெயித்தும் விட்டார்கள். மூன்றும் கவானி அடித்தவை. அன்று லாட்சியோ ரசிகராக இருந்திருந்தால் நான் இவ்வளவு மெச்சியிருப்பேனா, சந்தேகம்தான்.