19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள் இயற்கைக் காட்சிகளை ஏன் செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு பொறித்தார்கள்?

முக்கியக் காரணம், கைக்குக் கிடைத்த சுதந்திரம். உளியால் செம்பைச் செதுக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும். இதிலோ தகட்டின் மேல் மெழுகு கலந்த ஒரு பூச்சு. அதில் ஊசியால் கீறினால் போதும், காகிதத்தில் பேனா ஓடுவது போலத்தான். கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் முக்கினால் அந்தக் கோடுகள் மட்டும் அரிக்கப்படும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைவிலுள்ள மலைக்குக் கொஞ்ச நேர அரிப்பே போதும். தகட்டை வெளியே எடுத்து, அந்தக் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி முக்குவார்கள். கரையோர நாணல் ஆழமாக அரிபட்டு, தகட்டில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்சிடும்போது கன்னங்கரேலென்று விழும். மலை மங்கலாகப் பின்னுக்குப் போய்விடும்.

இப்படிப் பொறித்த பிரெஞ்சு ஓவியர்களில் ஒருவரான சார்ல்ஸ் பிரான்சுவா தொபீன்யி 1857இல் ஒரு படகை வாங்கி, அதையே பட்டறையாக்கிக்கொண்டு ஊவாஸ், சேன் ஆறுகளில் சுற்றினார். அந்தப் பயணத்தைச் சொல்லும் பொறிப்புகளை 1862இல் பாரிஸ் பதிப்பாளர் அல்பிரெட் கதார் வெளியிட்டார். ஒரு தாளில், படகின் சின்ன அறைக்குள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தொபீன்யி வரைந்துகொண்டிருக்கிறார். அதே ஆண்டில்தான் கதார் பொறிப்போவியர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார்.